கனகம் வீட்டு ஊசி

ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்கள் கனகலட்சுமி வீட்டின் முன்வாசலில் நின்று கூப்பிடுவதில்லை. அடுப்படிப் பக்கமாகச் சுற்றி வந்து, அம்மிக்கல் ஓரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "கனகம், இருக்கியாத்தா?" என்று ஒரு சத்தம். கையில் மருந்துக்கடைக் காகித உறை. உள்ளே மருந்துக் குப்பியும் சிரிஞ்சும். வாடிப்பட்டியில் டாக்டரைப் பார்த்து முதல் ஊசியை அங்கேயே போட்டுக்கொண்டு, மிச்ச நாள் ஊசியை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவார்கள். தினமும் பஸ் ஏறிப் போய்வர யாருக்கு முடியும்? வெற்றிலைக் கொடிக்கால் வேலையையோ நாற்றுப் பறிப்பையோ போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கனகம் வீடென்றால் ஒரு நிமிஷ வேலை. அடுப்படிக் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்க வேண்டியது. வேட்டியோ சேலையோ கொஞ்சம் இறங்கும். "மூச்ச இழுத்து விடுங்க" என்பாள் கனகம். இழுத்த மூச்சை விடுவதற்குள் ஊசி போட்டு முடித்துப் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருப்பாள். காசு வாங்கமாட்டாள். மறுநாள் அம்மிக்கல் மேல் ஒரு கட்டுக் கீரையோ, முருங்கைக்காயோ, ஒரு கவுளி வெற்றிலையோ இருக்கும்.

அவள் நர்சுக்குப் படித்தவள் இல்லை. பத்தாவதில் கணக்கில் போனவள். வாடிப்பட்டியில் ஒரு டாக்டர் கிளினிக்குக்குக் கூட்டிப் பெருக்கத்தான் முதலில் போனாள். பிறகு புண் கழுவினாள், கட்டுப் போட்டாள், ஒரு நாள் டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஊசியும் போட்டாள். அன்றிலிருந்து ஊசி அவள் வேலையானது. கொரோனா வந்த வருஷம் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். கனகம் நாற்று நடவும் களை பறிக்கவும் போனாள். ஆனாலும் ஊருக்கு அவள் நர்சம்மாதான். அவள் மகள் தமிழ்வாணி மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாவது சேர்ந்த அன்று, "அம்மா என்னம்மா பண்றாங்க?" என்று டீச்சர் கேட்டதற்கு, "நர்சு மிஸ்" என்றாள். சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அப்பா பாண்டியராஜன் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போனால் பொங்கலுக்குத்தான் வருவார். வீட்டில் அம்மாவும் மகளும்தான்.

மார்கழி பிறந்த சமயம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆள் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும்; நர்சுகள் பத்தவில்லை. நர்சுப் பதிவு இல்லாவிட்டாலும் ஊசி பிடித்துப் பழகினவர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, தேறினவர்களுக்கு அனுமதி அட்டை கொடுத்து, முகாமில் பெரிய நர்ஸ் கண்பார்வையில் போடச் சொல்வதாக ஏற்பாடு. கனகத்தின் பெயரையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

முதல் நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த அன்று அவளைப் பிடிக்க முடியவில்லை. வந்ததும் வராததுமாக நெத்திலிக் கருவாட்டை வறுத்தாள். வறுத்துக்கொண்டே பேச்சு.

"தேய்க்கக் கூடாதாம்டி! இத்தன வருசமா தேய்ச்சுத் தேய்ச்சு விட்டிருக்கேன். பஞ்ச வச்சு அமுக்குனாப் போதுமாம். ஊசி மூடியத் திரும்ப மாட்டக் கூடாதாம், நம்ம கையில குத்திரும்னு. தோள் எலும்புக்குக் கீழ மூணு விரக்கட வச்சு, இப்படி நேரா..." கரண்டியை அடுப்பில் விட்டுவிட்டு மகளின் தோளைப் பிடித்துக் காட்டினாள். "விஜயம் சிஸ்டருன்னு ஒருத்தங்க. மதுரக்காரங்க. ரிட்டயர்டு ஆகியும் கூப்புட்டு வச்சிருக்காங்க. எங்கையப் புடிச்சுப் பாத்துட்டு, 'நடுக்கமே இல்லையே கனகா'ன்னாங்க."

"அட்டையில போட்டோ இருக்குமாம்மா?"

"போட்டோ, பேரு, சீலு எல்லாம். ஒங்க பள்ளிக்கொடத்துக்குத்தான் மொத முகாமாம்."

கருவாடு தீய்ந்தது. இருவரும் தீய்ந்த கருவாட்டைச் சோற்றில் பிசைந்து சிரித்துக்கொண்டே தின்றார்கள். சாப்பிட்ட பிறகு ஒரு சாத்துக்குடியை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊசி குத்திப் பழகினாள் கனகம். தமிழ்வாணி நேரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டாம் நாள் வந்தவள் பேசவில்லை. தலைவலி என்றாள். காலையில் வடித்த சோற்றில் தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஏதோ திட்டு வாங்கியிருப்பாள் என்று தமிழ்வாணி நினைத்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாள்தான் அடுத்த தெருப் பேயாண்டியும் அவர் பெண்டாட்டி சின்னத்தாயும் வந்தார்கள். பேயாண்டிக்குக் கொடிக்காலில் வேலை. ஏணியில் ஏறிக் கொடி கட்டுவார், வெற்றிலை கிள்ளுவார். ஆள் ஈர்க்குச்சி மாதிரி. பனியில் நின்று நின்று நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலாகிவிட்டது. கொரோனா இல்லை என்று டெஸ்டில் வந்துவிட்டது. டாக்டர் தினம் ஒன்றாக ஊசி எழுதிக் கொடுத்திருந்தார். காகித உறையோடு அம்மிக்கல் ஓரம் நின்றார்கள்.

கனகம் அடுப்படியை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டாள். "இல்லண்ணே. நான் இப்பப் போடுறதில்ல."

"என்னாது?" என்றாள் சின்னத்தாய்.

"எழுதிக் குடுத்திருக்கேன் மதினி. முகாமத் தவுத்து வேற எங்கயும் ஊசியத் தொட மாட்டேன்னு. ஒரு பெட்டிசன் போனாலும் அட்ட கெடைக்காது. வாடிப்பட்டிக்கே போயிட்டு வந்துருங்க."

"அடி ஆத்தி! கழுத்துல இன்னும் பட்டையவே கட்டல, அதுக்குள்ள கழுத்து குனிய மாட்டேங்குதே. ஒம் மக பெறந்தப்ப ஒனக்கு வெந்நி வச்சு ஊத்துனவ நானு. அப்ப எங்கிட்ட அட்ட இருந்துச்சாடி?"

"விடு சின்னத்தா" என்றார் பேயாண்டி இருமிக்கொண்டே. "கனகம் கவர்மெண்டுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துருச்சு. நமக்கா குடுத்துச்சு? வா, பஸ்ஸு வந்துரும்."

கனகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படித் தலை குனிந்து நின்ற அம்மாவைத் தமிழ்வாணி அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் குழாயடியில் பேச்சு அதுதான். "ஊசி வேணும்னா இனிமே பள்ளிக்கொடத்துல போயிச் சேரணுமாம்ல" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். தமிழ்வாணியின் குடம் நிறைந்து வழிந்தது. தூக்கி இடுப்பில் வைத்தவளுக்குக் காதெல்லாம் சுட்டது. அம்மா மேல்தான் கோபம். ஒரு ஊசி. ஒரு நிமிஷம். கதவைச் சாத்திக்கொண்டு போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அன்று சாயங்காலம் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கனகம் பயிற்சியிலிருந்து வரவில்லை. பேயாண்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அடுப்படிப் பக்கம் தனியாக வந்து நின்றார். நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா இல்லையா மருமகளே? வாடிப்பட்டிப் பஸ்ஸு போயிருச்சு. கெஞ்சிப் பாப்பம்னு வந்தேன். சரி, இன்னக்கி ஒரு ஊசி விட்டுப்போனாச் செத்தா போயிருவேன்." திரும்பினார்.

"மாமா, நான் போடவா?"

பேயாண்டி நின்றார். "நீயா?"

"எனக்குத் தெரியும் மாமா. அம்மாவுக்கு மருந்து கலக்கிக் குடுக்குறதே நாந்தான். எத்தன பேருக்குப் போட்டுப் பாத்திருக்கேன்." கடைசியில் சொன்னதில் பாதி பொய். அம்மா போட்டதைப் பார்த்திருக்கிறாள், தான் போட்டதில்லை.

"மருமக கையால ஊசின்னாக் குடுத்துல்ல வச்சிருக்கணும்" என்று சிரித்துக்கொண்டே படியேறி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கை நடுங்கவில்லை. அது அவளுக்கே பெருமையாக இருந்தது. குப்பியைக் குலுக்கினாள், மருந்தை உறிஞ்சினாள், காற்றைத் தள்ளினாள், பஞ்சால் துடைத்தாள். அம்மா செய்கிற மாதிரியே இரண்டு விரலால் சதையைப் பிடித்தாள். பிடிக்கச் சதையே இல்லை. "மூச்ச இழுத்து விடுங்க மாமா" என்றாள், அம்மாவின் குரலிலேயே. குத்தினாள்.

"ஆத்தாடி!" என்று பேயாண்டி அலறினார். வலது கால் தன்னால் ஒரு உதறு உதறியது. பயந்துபோய் ஊசியை உருவியிருந்தால்கூட அத்தோடு போயிருக்கும். மருந்து வீணாகக் கூடாதே என்று கடைசிச் சொட்டு வரைக்கும் அழுத்தினாள்.

அவர் நிலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நெற்றியை மரத்தில் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"வலிச்சிருச்சா மாமா?"

"இடுப்புலருந்து கட்டவெரல் வரைக்கும் மின்னல் வெட்டுன மாதிரி இருந்துச்சு தாயி. ஒண்ணுமில்ல. காச்ச ஒடம்புல்ல."

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க மாமா. அட்ட போயிரும்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" படியிறங்கி, செருப்பை மாட்டினார். வலது கால் செருப்பு காலில் நிற்கவில்லை. இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தூறலில் நடந்தார். ஈரத் தரையில் அந்தப் பாதம் பொத்து பொத்தென்று விழுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது.

காய்ச்சல் விட்டது. பாதத்தை மட்டும் தூக்க முடியவில்லை. கொடிக்காலுக்குப் போனவர் ஏணியின் முதல் படியிலேயே கால் மடங்கி விழுந்தார் என்று பள்ளி விட்டு வரும் வழியில் தமிழ்வாணி கேள்விப்பட்டாள். அன்று போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, ஊசி போட்டதும் கால் வராமல் போனால் என்று தேடினாள். நரம்பு என்றும், சில பேருக்குத் திரும்பாது என்றும் வந்தது. போனை அணைத்துவிட்டாள். போலீஸ் வருமா என்று தேடவில்லை. தேடினால் வந்துவிடும் போலிருந்தது. பேயாண்டி வீட்டுத் தெருவை விட்டுக் கம்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் பள்ளிக்குப் போனாள். ஒரு நாள் அவர் கம்பு ஊன்றிக்கொண்டு எதிரே வந்தார். அவளைப் பார்த்ததும் அவராகவே முகத்தைத் திருப்பி, வேலியில் எதையோ பார்க்கிறமாதிரி நின்றுகொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

அட்டை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நீல நாடா, போட்டோ, முத்திரை. கனகலட்சுமி, தடுப்பூசி உதவியாளர். கனகம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பீரோக் கண்ணாடி முன் நின்றாள். சிரிக்கவில்லை. போட்டோவில் இருப்பது தான்தானா என்று பார்க்கிறமாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் முன்வாசலில் சத்தம்.

"வெளிய வாடி நர்சம்மா!"

சின்னத்தாய் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு நின்றாள். அக்கம்பக்கம் தலைகள் எட்டிப்பார்த்தன.

"எம் புருசன் காலு செத்துப்போச்சுடி. ஏணி ஏற முடியல. வாடிப்பட்டி டாக்டர் பாத்துட்டு, எங்க ஊசி போட்டீங்க, நரம்புல குத்தியிருக்காகன்னு சொல்றாரு. இந்த மனுசனக் கேட்டா வாயத் தொறக்கல. இன்னக்கிச் சோத்தப் போடாம உக்காந்தேன். அப்பறந்தான், கனகம் வீட்டுல போட்டேன்னு சொல்றாரு. பகல்ல மாட்டேன்னு சொல்லிட்டு, நான் இல்லாதப்பக் குத்தி விட்டியா? பொல்லாப்பு வரக்கூடாதுன்னு ரகசியமாக் குத்துனியா?"

"நான் எங்க மதினி..." என்று ஆரம்பித்த கனகம் தற்செயலாகத் திரும்பினாள். கதவோரம் தமிழ்வாணி நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமில்லை.

கனகம் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சின்னத்தாயின் பக்கம் திரும்பினாள்.

"ஆமா மதினி."

"அடிப்பாவி!"

"நான் வந்து பாக்குறேன். பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீ பாத்தது போதும்டி. நாளைக்கே போயிச் சொல்றேன், இந்தப் பட்டையக் கழட்டலன்னா எம் பேரு சின்னத்தா இல்ல."

சின்னத்தாய் போன பிறகும் கனகம் மகளை ஒன்றும் கேட்கவில்லை. அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். இட்லிக்கு அரைத்தாள். விடியாத நேரத்தில், கோயில் ஒலிபெருக்கி மார்கழிப் பாட்டைத் தொடங்கியபோது, கோலப்பொடிக் கிண்ணத்தோடு எழுந்த அம்மாவின் சேலையைப் படுத்தபடியே பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நாந்தாம்மா."

"தெரியும்."

"ஊரெல்லாம் கேலி பண்ணுச்சும்மா. மாமா நடுங்கிட்டு வந்து நின்னாரு. நீ போடுறத எத்தனயோ தடவ பாத்திருக்கேன்ல. நீ போடுற மாதிரியேதாம்மா போட்டேன். எங்க தப்பாப் போச்சுன்னு தெரியலம்மா. என்னயப் புடிச்சுட்டுப் போயிருவாங்களாம்மா?"

கனகம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். விளக்கைப் போட்டாள். மகளுக்கு முதுகைக் காட்டி நின்று கொசுவத்தைத் தளர்த்தினாள்.

"எங்க போட்ட? தொட்டுக் காட்டு."

"அம்மா..."

"காட்டுடி."

தமிழ்வாணி எழுந்து உட்கார்ந்து, விரலை நீட்டி அம்மாவின் மேல் வைத்தாள். சதை திரண்ட நட்ட நடு இடம்.

கனகம் கொசுவத்தைச் செருகிக்கொண்டாள். திரும்பியபோது அவள் முகத்தைப் பார்க்கத் தமிழ்வாணிக்குப் பயமாக இருந்தது.

"நீ தப்பாப் போடல. நான் எங்க போடுவேனோ அங்கதான் போட்டிருக்க."

"அப்பறம் ஏம்மா..."

"ரெண்டாம் நா, விஜயம் சிஸ்டரு போர்டுல இடுப்பு படத்தப் போட்டாங்க. நம்ம கையில மட்டுந்தான் போடப் போறோம், இருந்தாலும் தெரிஞ்சுக்கங்கன்னு. குறுக்க ஒரு கோடு, நெடுக்க ஒரு கோடு. மேல, வெளிப்பக்கத்து மூலை மட்டுந்தான் ஊசிக்கு. நடுவுல வெரத் தண்டி நரம்பு காலுக்குப் போகுது, அங்க குத்தினா ஆளு நொண்டின்னாங்க. நான் கடைசி பெஞ்சில உக்காந்திருந்தேன். எத்தன வருசம், எத்தன இடுப்பு. அந்தக் கிளினிக்கு டாக்டரும் சொல்லல, நானும் கேக்கல. சதை எங்க நெறய இருக்கோ அங்க வலிக்காதுன்னு நானாப் போட்டேன். யாரோ புண்ணியத்துல தப்பிச்சுப் போயிருக்கேன். இல்ல, எவனாச்சும் காலு இழுத்து, அது என்னாலன்னே தெரியாமக் கெடக்கானோ."

ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருந்தது.

"அன்னக்கிச் சின்னத்தா மதினி கேக்குறப்ப இத நான் சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியல மதினி, இத்தன நாளும் தெரியாமத்தான் போட்டேன்னு. வாயில வரல. கையெழுத்துப் போட்டிருக்கேன், அட்ட போயிரும்னு சொல்லித் தப்பிச்சேன். ஓங்கிட்டயாச்சும் சொல்லியிருந்தா நீ தொட்டிருக்க மாட்ட. ஒனக்கு முன்னாடி நர்சம்மாவாவே இருக்கணும்னு இருந்துட்டேன்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அன்று அவள் போட்ட கோலம் கோணல்மாணலாக இருந்தது.

சின்னத்தாய் போய்ச் சொல்வதற்கு முன்பே கனகம் சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டாள். தமிழ்வாணி, நானும் வருவேன் என்று ஒட்டிக்கொண்டாள். விஜயம் சிஸ்டர் தடுப்பூசிப் பெட்டிக்கு ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். நரைத்த தலை, மூக்கில் இறங்கின கண்ணாடி. கனகம் அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"பக்கத்துத் தெரு ஆளு ஒருத்தருக்கு எங்க வீட்டுல ஊசி போட்டாச்சு சிஸ்டர். காலு விழுந்துருச்சு. நாந்தான்."

சிஸ்டரின் கை ஐஸிலேயே நின்றது.

"போர்டுல படம் போட்டுக் காட்டினேனே கனகா. முன்னாடியே தெரியாமப் பண்ணியிருந்தாக் கூட மனசு ஆறும். அதைப் பார்த்ததுக்கு அப்புறமும் எப்படிம்மா உனக்குக் கை வந்தது?"

அந்தக் கேள்விக்குக் கனகத்திடம் பதில் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு நின்றாள்.

"சிஸ்டர், அம்மா இல்ல..." என்றாள் தமிழ்வாணி.

கனகத்தின் கை மகளின் மணிக்கட்டை இறுக்கியது. "நீ சும்மா இரு. ஊசி எங்க போடணும்னு ஒனக்கு என்ன தெரியும்?"

சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பெண்ணைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே காத்திருந்தார். இன்னொரு தரம் வாய் திறந்திருக்கலாம். மணிக்கட்டில் இருந்த பிடி அப்போது தளர்ந்துகூட இருந்தது. தமிழ்வாணி வாய் திறக்கவில்லை.

"உன்னை மாதிரிக் கை எனக்கு இந்த பேட்ச்ல வேற யாரும் இல்ல" என்று சொல்லி, சிஸ்டர் அட்டையை எடுத்து டிராயரில் போட்டார். பிறகு ஒரு சீட்டில் எழுதினார். "இதைக் கொண்டுபோய் மதுரை பெரியாஸ்பத்திரியில நரம்பு டாக்டர்கிட்டக் காட்டு. பாதத்துக்குப் பட்டை கட்டுவாங்க, பயிற்சி சொல்லித் தருவாங்க. சில பேருக்கு மாசக்கணக்கில திரும்பும். இன்னிக்கே போ."

அன்றே போனார்கள். சின்னத்தாய் முதலில் வாசலில் விழுந்து மறித்தாள். பேயாண்டிதான், "கனகத்தக் கூட்டிட்டுப் போனா அங்க வழி தெரியும்டி" என்று அவளையும் கிளப்பினார். பஸ் வந்து நின்றது. கம்பியைப் பிடித்து ஏறப் பார்த்தவரின் வலது பாதம் படியில் இடறித் தொங்கியது.

"சீக்கிரம் ஏறுங்கப்பா, இதென்ன ஓங்க வீட்டுக் காரா?" என்றான் கண்டக்டர்.

தமிழ்வாணி குனிந்து அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் படிமேல் வைத்தாள். வெற்றிலைச் சாறு ஏறிக் கருத்த குதிகால், குளிர்ந்து கிடந்தது. பேயாண்டி மேலே போய் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டி, "சன்னலோரம் வா தாயி" என்றார். அவள் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சோழவந்தான் பிரிவு தாண்டினதும் முன்சீட்டுப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்து முகம் மலர்ந்தாள். மேலத்தெருக்காரி, மாசமாய் ஊரில் இல்லாமல் நேற்றுத்தான் திரும்பியவள். கூடையிலிருந்து மருந்துக்கடைக் காகித உறையை எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

"அட, நர்சம்மா! ஒன்னயத்தான் நெனச்சேன். எங்க வீட்டுக்காரருக்கு வாடிப்பட்டியில ஊசி வாங்கிட்டு, அப்படியே மதுரைக்கு ஒரு சோலியாப் போறேன். சாயங்காலம் வீட்டுல இருப்பியா?"

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பினார்கள். சின்னத்தாயும் திரும்பினாள். என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தமிழ்வாணி கம்பியை இறுகப் பிடித்தாள். எழுதிக் கொடுத்திருக்கேன் என்று அம்மா சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள்.

கனகம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்கு ஊசி போடத் தெரியாதுத்தா."

மேலத்தெருக்காரி கலகலவென்று சிரித்தாள். "கேலியப் பாரேன்! பதினஞ்சு வருசமாக் குத்திட்டு..."

கூடச் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள், கனகம் சிரிக்காததைப் பார்த்து.

"நெசமாத்தான் சொல்றேன். தெரியாமத்தான் போட்டேன். வாடிப்பட்டிக்கே கூட்டிட்டுப் போ."

அந்தப் பெண் உறையைக் கூடைக்குள் திணித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். சின்னத்தாய் கடித்த உதட்டை விட்டாள். தமிழ்வாணி அம்மாவைப் பார்க்க முடியாமல் குனிந்தாள். குனிந்த இடத்தில் பேயாண்டியின் பாதம் பஸ்ஸின் ஆட்டத்துக்கு இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருந்தது. பஸ் தரையிலேயே உட்கார்ந்து அதைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.